அடிக்கக் கூடாதவர்கள் பட்டியல்

நவல்கஞ்ச் பல்கலைக்கழகத்தில் ஒருவருக்கு முனைவர் பட்டம் கிடைக்க இன்னொருவருக்கு எலும்பு முறிய வேண்டும் என்று எந்த விதிப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன். அந்தப் புத்தகங்களெல்லாம் என் மேஜைக்குப் பின்னால் இருக்கும் பீரோவில்தான் இருக்கின்றன, சாவியும் என்னிடம்தான். ஆய்வுத் துறையில் இருபத்தாறு வருஷமாகத் தலைமை எழுத்தன். வராண்டாவில் கைனிப் புகையிலை துப்புகிறவன் முதல் துணைவேந்தர் வரை என்னைப் ‘படே பாபு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் பெயர் எனக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும்.

எங்கள் துறை வாசலில் ஒரு தகரப் பலகை உண்டு. மாணவர்கள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதிக்கப்பட்ட தலைப்புகள் அதில் கல்வி, உடல்நலம், வணிகம், சமூகம் என்று நான்கு பத்தியாக வெள்ளை பெயிண்டில் எழுதப்பட்டிருக்கும். பெயிண்டில் எழுதியதால் மாற்ற முடியாது. ‘கல்லூரி மாணவரிடையே கைப்பேசிப் பழக்கம்’ என்பதை இதுவரை எழுபது பேர் ஆராய்ந்து, கைப்பேசி இருக்கிறது என்று எழுபது பேரும் நிரூபித்துவிட்டார்கள். ‘தேர்வு பயம்’, ‘ரத்தக் கொதிப்பு’, ‘மளிகைக் கடை வாடிக்கையாளரின் மனநிறைவு’ எல்லாமே பலமுறை மென்று துப்பிய சக்கை.

மனோரஞ்சன் என்ற மாணவன் வந்து சேர்ந்தபோது பலகையில் மிச்சமே இல்லை. துறைத் தலைவர் டாக்டர் கமலாகாந்த் ஓஜா அவனை ஜன்னலோரம் நிற்க வைத்துக்கொண்டு யோசித்தார்.

“பலகைல இல்லாததைத் தொடக் கூடாது. இருக்கறதை எல்லாப் பயலும் தொட்டுட்டான். நாலையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கிடலாம்னா, நாலும் ஒரே எடத்துல எங்கடா இருக்கு?”

ஜன்னலுக்கு நேர் எதிரே ரயிலடி டோட்டோ ஸ்டாண்ட். பேட்டரி வண்டிகள் வரிசையாக நிற்கும் இடம். அந்த நிமிஷத்தில் அங்கே ஸ்டாண்ட் ஒப்பந்தக்காரர் பப்பன் சிங்கின் ஆளான டுன்டுன் ஒரு டோட்டோக்காரனைத் தடியால் விளாசிக்கொண்டிருந்தான். அடிபட்டவன் கையைத் தலைக்கு மேல் தூக்கினான். தடி கையில் விழுந்தது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் எங்கள் மாடி வரைக்கும் கேட்டது.

ஓஜா சாரின் முகம் மலர்ந்துவிட்டது. “அதோ! படிக்காதவன், அதனால கல்வி. கை போச்சு, அதனால உடல்நலம். வண்டி நின்னுடுச்சு, அதனால வணிகம். சுத்தி நின்னு நாலு பேர் வேடிக்கை பாக்கறான், அது சமூகம். ஒரே அடில நாலு துறை! எழுதிக்கோங்க படே பாபு.”

எழுதிக்கொண்டேன். ‘நவல்கஞ்ச் ரயிலடி டோட்டோ ஓட்டுநர்களின் கல்வி, உடல்நலம், வணிகம், சமூக நிலை ஆகியவற்றின் மீது தடியடி ஏற்படுத்தும் தாக்கம்: ஓர் ஒப்பீட்டு ஆய்வு.’

அடிபட்டவன் பெயர் ஜகேஷ்வர். பிரசவ வலியோடு வந்த பெண்ணை வரிசையை மீறி ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தான். அதற்குத்தான் அந்த அடி. உடைந்த வலது மணிக்கட்டை இடது கையில் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். ஆஸ்பத்திரிச் சான்று இல்லாமல் புகார் எடுக்க முடியாது என்று ஸ்டேஷன் அதிகாரியான தரோகா சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போனால், எலும்புப் பிரிவு வாசலில் நாற்காலி போட்டு மனோரஞ்சன் உட்கார்ந்திருந்தான்.

“பையா,” என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டான். “கொஞ்சம் நில்லுங்க. நாப்பத்தொரு கேள்விதான்.”

“கை ஒடஞ்சிருக்கு பாபு.”

“அதுக்குத்தான் கேக்கறேன். உள்ள போய் கட்டுப் போட்டுட்டா வலி கொறஞ்சு போயிடும். அப்புறம் தகவல் கெட்டுடும். படிப்பு என்ன?”

“எட்டாங்கிளாஸ் பெயில்.”

“அடிக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முப்பது வருஷம் முன்னாடி.”

“இப்ப எவ்வளவு வலிக்குது? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க. ஒண்ணுன்னா வலியே இல்ல, அஞ்சுன்னா உயிர் போகுது.”

“உயிர் போகுது பாபு.”

“நம்பர் சொல்லுங்க பையா, வசனம் வேண்டாம்.”

நாற்பத்தொரு கேள்வி முடிவதற்குள் ஜகேஷ்வர் இரண்டு முறை மயங்கி விழுந்தான். இரண்டு முறையும் மனோரஞ்சன் நேரத்தைக் குறித்துக்கொண்டு தண்ணீர் தெளித்தான். கடைசியில் சம்மதப் படிவம். வலது கை தொங்கியதால் இடது பெருவிரலில் மை தடவி அழுத்தினார்கள். ‘இந்த ஆய்வில் நான் என் சொந்த விருப்பத்தோடு பங்கேற்கிறேன்’ என்று அதில் இருந்தது. அதைத் தட்டச்சு செய்தவன் நான்தான்.

உள்ளே டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னார். “எலும்பு நொறுங்கிப் போச்சு. எப்படியோ சேத்து வெச்சிருக்கேன். இதே எடத்துல இன்னொரு அடி விழுந்தா இந்தக் கை மடங்காது. வண்டி ஓட்ற வேலைய மறந்துட வேண்டியதுதான்.”

பத்து நாள் கழித்து ஜகேஷ்வர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். கூடவே அவன் மனைவி சுனைனா. தரோகா புகாரைத் தொடவே மாட்டேன் என்கிறாராம். ‘பல்கலைக்கழகம் ஆராயுற விஷயத்துல நான் யாருய்யா தலையிட? முடிவு வரட்டும்’ என்கிறாராம். படித்த பெரிய மனிதர்கள் இவ்வளவு அக்கறையாகக் கேள்வி கேட்டார்களே, ஒரு வார்த்தை சொன்னால் கேஸ் எடுத்துவிடுவார்கள் என்று இரண்டு பேரும் நம்பி வந்திருந்தார்கள். நம்பிக்கையைப் பாருங்கள்!

ஓஜா சார் அவர்களை உட்கார வைத்துச் வறுத்த கடலைமாவில் கரைத்த சத்து சர்பத் வரவழைத்துக் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை.

“ஜகேஷ்வர், நீங்க சாதாரண ஆள் இல்ல. சோதனைக் குழுவுல ஒண்ணாம் நம்பர். மொத்தம் முன்னூத்தி எண்பத்து நாலு பேர். பாதிப் பேர் சோதனைக் குழு, அடி வாங்கறவங்க. மீதிப் பேர் கட்டுப்பாட்டுக் குழு, அடி வாங்காதவங்க. மூணு மாசம் கழிச்சு ரெண்டு குழுவையும் ஒப்பிட்டுப் பாப்போம்.”

முன்னூற்று எண்பத்து நான்கு ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஏதோ அட்டவணையில் இருக்கிறது. எங்கள் ஊரில் எந்த ஆராய்ச்சியானாலும் முன்னூற்று எண்பத்து நான்கு பேர்தான்.

“நான்தான் அடி வாங்கிட்டேனே சார்,” என்றான் ஜகேஷ்வர்.

“அது முதல் அளவீடு. மூணு மாசம் கழிச்சு ரெண்டாவது அளவீடு இருக்கு.”

“அப்பவும் கேள்வி கேப்பீங்களா?”

“கேள்வி கேப்போம். அதுக்கு முன்னாடி இன்னொரு தடவை அடி விழணும். இல்லேன்னா எதை அளக்கறது?”

சுனைனா எழுந்து நின்றாள். “என்ன சார் பேசறீங்க? இன்னொரு அடி விழுந்தா கை போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. சோறு கூட நான்தான் ஊட்டி விடறேன். நீங்க திரும்ப அடிப்பீங்களா இவர?”

“சிவ சிவா!” ஓஜா சார் காதைப் பொத்திக்கொண்டார். “நாங்க அடிப்போமாம்மா? நாங்க ஆராய்ச்சியாளர்கள். அடிக்கறவன் அடிப்பான், நாங்க அளப்போம். ஒரு பூனைக்குட்டிய உதைச்சிருப்பேனா நான் என் வாழ்க்கைல? கேட்டுப் பாரு படே பாபுவ.”

பூனைக்குட்டியை உதைத்ததில்லை என்று நான் சாட்சி சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் விஷயம் கை மீறிப் போனது. டுன்டுன் அடிக்கிற அடி ஒன்று போல ஒன்று இருப்பதில்லை, ஒருவனுக்கு முதுகு, இன்னொருவனுக்கு முட்டி, இப்படியிருந்தால் ஒப்பிட முடியாது என்று ஆய்வுக் குழு குறை சொன்னது. எனவே பப்பன் சிங்குக்கு ஒரு கடிதம் போனது. ஒரே நீளம், ஒரே எடை, ஒரே மரம். ஆளுக்கு மூன்று அடி. முன்கையிலும் தோளிலும் மட்டும். புதுத் தடியின் நம்பகத்தன்மையைச் சோதிக்க முன்னோட்ட ஆய்வு ஒன்று தேவைப்பட்டது. முன்னோட்டத்துக்கு வெளியாள் கிடைக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள்.

நானும் இருபத்தாறு வருஷம் அரசாங்க உப்பைத் தின்றவன். மேஜைமேல் கையை நீட்டி மூன்று அடி வாங்கிக்கொண்டு, எனக்கு ஏற்பட்ட அனுபவத்தை ஒன்று முதல் ஐந்து வரையிலான அளவில் குறித்துக் கொடுத்தேன். மூன்றாம் அடி குறி தவறி விரலில் பட்டு, சுண்டுவிரல் நகம் பிய்ந்து மைப்பெட்டியில் விழுந்தது. கருவி நம்பகமானது என்று குழு முடிவு செய்தது. பப்பன் சிங்கோ என் அறைக்கு வந்து அழாத குறையாகப் புலம்பினார்.

“படே பாபு, முப்பது வருஷமா அடிக்கறோம். எங்கப்பா காலத்துலேர்ந்து அடிக்கறோம். எண்ணி எண்ணி அடின்னு எவனும் எங்கள அவமானப்படுத்தினது இல்ல. டுன்டுனுக்கு ராத்திரி தூக்கமே இல்ல. மூணுல எப்படி நிறுத்தறதுன்னு கைக்குத் தெரியலையாம்.”

சோதனைக் குழுவின் கதை இது. கட்டுப்பாட்டுக் குழுவின் கதை வேறு. அடி வாங்காதவர்கள் கடைசி வரை அடி வாங்காமல் இருந்தால்தான் ஒப்பீடு செல்லும். அதனால் ஓஜா சார் அவர்களுக்கு அட்டை அடித்துத் தரச் சொன்னார். நான்தான் தட்டச்சு செய்தேன். ‘இந்த அட்டையை வைத்திருப்பவர் கட்டுப்பாட்டுக் குழுவைச் சேர்ந்தவர். ஆய்வு முடியும் வரை இவரை எவரும் அடிக்கக் கூடாது.’ கீழே சிங்க முத்திரை, கையெழுத்து.

அந்த அட்டைக்கு வந்த மவுசை என்னவென்று சொல்வது! நவல்கஞ்சில் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டாலும் அடி விழும். இந்த அட்டையை நீட்டினால் டுன்டுன் தடியைக் கீழே போட்டுவிட்டு நமஸ்தே சொன்னான். ஜகேஷ்வரின் பக்கத்து வீட்டுக்காரன் சீதலுக்கு ஆரம்பத்திலேயே அட்டை கிடைத்தது. இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே நாளில் வண்டி எடுத்தவர்கள், ஜகேஷ்வரின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக உட்கார்ந்தவன் சீதல். வரிசையை மீறி வண்டியை நிறுத்திவிட்டு அட்டையைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு சீதல் டீ குடிப்பதை ஜகேஷ்வர் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுடா,” என்றான்.

“நான் என்ன ஆபீசரா? வரிசைல யாரு முன்னாடி நின்னான்னு பாத்துக் குடுத்தாங்க. அன்னைக்கு நீ ஆஸ்பத்திரில இருந்தே,” என்றான் சீதல்.

ஒரே வாரத்தில் எங்கள் வராண்டா சந்தையானது. கவுன்சிலரின் மச்சான் அட்டைக்கு வந்தான். மாமியாருக்குப் பயந்து ஒரு வாத்தியார் வந்தார். தரோகாவே வந்து ஒன்று வாங்கிக்கொண்டார். எதிர்க் கோஷ்டிக்குப் பயந்து பப்பன் சிங்கும் ஒன்று வாங்கிக்கொண்டார். இத்தனை பெரிய மனிதர்களை இல்லை என்று சொல்ல முடியுமா? ஓஜா சார் எண்ணிக்கையைக் கூட்டினார். ஆனால் இரண்டு குழுவும் சமமாக இருக்க வேண்டும் என்பது விதி. இந்தப் பக்கம் ஒரு அட்டை போனால் அந்தப் பக்கம் ஒரு கை முறிந்தாக வேண்டும். டுன்டுன் ஆட்களோடு கடைத்தெருவுக்குள் இறங்கினான். காய்கறி விற்கிறவன், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன், கோவிலுக்கு வெளியே செருப்புப் பார்த்துக்கொள்கிறவன் என்று அட்டை இல்லாத ஆளையெல்லாம் தெருவில் மடக்கி, எண்ணி மூன்று அடி போட்டு, கையோடு மனோரஞ்சனிடம் அனுப்பிவைத்தான். அந்த மாதம் எலும்புப் பிரிவில் பஞ்சு தீர்ந்து, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினார்கள்.

ஜகேஷ்வர் ஒரு தடவை ஓடிப்போனான். மாமனார் ஊருக்கு. நாலு மணி நேரப் பஸ்சில் மனோரஞ்சன் படிவத்தோடு பின்னாலேயே போய், ‘தொடர் கண்காணிப்பு’ என்று சொல்லி, மாமனார் வீட்டில் அவலும் தயிரும் சாப்பிட்டுவிட்டு அவனைத் திரும்பக் கூட்டிவந்தான்.

கடைசியில் ஜகேஷ்வர் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்கு மனுப் போட்டான். என்னைச் சோதனைக் குழுவிலிருந்து கட்டுப்பாட்டுக் குழுவுக்கு மாற்றுங்கள், அவ்வளவுதான். மனுவை எழுதித் தந்தவன் நான். பீரோவில் கையெழுத்துப் போட்ட வெற்று அட்டைகள் பத்துப் பதினைந்து கிடந்தன. ஒன்றை எடுத்து அவன் பெயரைத் தட்டிக் கொடுத்திருக்கலாம். எண்ணிக்கை இடித்தால் என் கை போய்விடும் என்று பயந்தேன். என்னை எதைக் கொண்டு அடித்தால் தகும்?

நெறிமுறைக் குழுவில் ஐந்து பேர். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. சமோசா வந்ததும் கூட்டம் தொடங்கியது.

“மனுதாரருக்குச் சம்மதப் படிவம் வாசிச்சுக் காட்டினீங்களா?” என்று கேட்டார் நீதிபதி.

“அவர் மயக்கமா இருந்தாரு சார். மயக்கத்துலயும் வாசிச்சோம்,” என்றான் மனோரஞ்சன்.

“ரொம்ப நல்லது. மனுதாரர் பேரு வெளில வராம பாத்துக்கறீங்களா?”

“நிச்சயமா சார். அடிக்கும்போது கூட நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவோம்.”

அம்மையார் ஒருவர், மனையியல் துறை, கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாருங்க, எவ்வளவு மனிதாபிமானம்! நான் சின்ன வயசுல அடி வாங்கினேன். அப்ப யாரும் படிவம் நீட்டல. யாராவது ஒருத்தர் வந்து ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள எவ்வளவும்மா வலிக்குதுன்னு கேட்டிருந்தா எவ்வளவு ஆறுதலா இருந்திருக்கும்! அந்த ஆறுதல இந்த ஏழைங்களுக்கு நாம குடுக்கறோம்.”

எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். ஜகேஷ்வர் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். “ஐயா, எனக்கு ஆறுதல் வேண்டாம். இந்தக் கை இன்னொரு அடி தாங்காது. அவ்ளோதான் ஐயா.”

நீதிபதி புன்னகைத்தார். “தம்பி, உனக்கு எப்ப வேணும்னாலும் விலகற உரிமை உண்டு. அது உன் அடிப்படை உரிமை. நான் இருக்கற வரைக்கும் அதை எவனும் பறிக்க முடியாது. ரெண்டாவது அளவீடு முடிஞ்சதும் தாராளமா விலகிக்கோ.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி விலகணும்னா உனக்குப் பதிலா ஒரு ஆள் வேணும். அதே வயசு, அதே படிப்பு, அதே வண்டி, அதே தெரு. ஒப்பீடு கெடக் கூடாது பாரு. அப்படி யாராவது தெரியுமா உனக்கு?”

நீதிபதி அடுத்த சமோசாவை எடுத்தார். ஜகேஷ்வர் என்னைப் பார்த்தான். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். அப்புறம் ரொம்ப மெதுவாகச் சொன்னான்.

“சீதல்.”

இடது பெருவிரலில் மை தடவி அழுத்தினார்கள். மை காய்வதற்குள் மனோரஞ்சன் பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தை வாசித்தான். மாற்று ஆள் முதல் அளவீட்டைத் தவறவிட்டிருப்பதால் இரண்டு அளவீட்டுக்கும் உரிய அடிகளை ஒரே நாளில் பெறுவார்.

“ஆறா?” என்றான் ஜகேஷ்வர். “நான் மூணுன்னுல்ல நெனச்சேன்! வேண்டாம் ஐயா, அந்தத் தாள குடுங்க!” தாளைப் பிடுங்கப் பாய்ந்தான். வாசலில் நின்ற காவலாளிகள் இரண்டு பேர் அவனைத் தரையில் குப்புறத் தள்ள, ஒருவன் முதுகில் முட்டியை ஊன்றினான். கவனமாகத்தான் தள்ளினார்கள். இப்போது அவன் கட்டுப்பாட்டுக் குழு, கீறல் விழக் கூடாது. அந்த நிலையிலேயே அவன் சட்டைப் பையில் அட்டையைச் செருகி அனுப்பினார்கள்.

இரண்டாவது அளவீடு ஸ்டாண்டிலேயே நடந்தது. ஷாமியானா, பதாகை, குத்துவிளக்கு. தலைமை விருந்தினராகச் சட்ட மேலவை உறுப்பினர் ஒருவர் வந்து தடிக்கு மாலை போட்டார். டுன்டுனுக்கு வெள்ளை அங்கி மாட்டியிருந்தார்கள். சரஸ்வதி வந்தனம் முடிந்ததும் ஓஜா சார் பேசினார்.

“நண்பர்களே, காட்டுமிராண்டி அடிப்பான், ஆனா ஏன்னு கேக்க மாட்டான். நாம கேக்கறோம். அறிவுக்கும் மூர்க்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். தொடங்கலாம்.”

தொடங்கினார்கள். காலை ஒன்பதிலிருந்து மத்தியானம் வரை. முதல் ஐம்பது பேர் வரைக்கும் கூட்டம் எண்ணியது. அதற்கப்புறம் எண்ணும் சத்தமும் நின்று, மரம் சதையில் விழும் சத்தமும் அலறலும் மட்டும் மிஞ்சியது. தோளுக்குப் போன அடி தவறிப் பஞ்சர் ஒட்டுகிறவன் பல் தெறித்து பேராசிரியர்களின் வரிசையில் விழுந்தது. ஒருவர் காலால் ஒதுக்கினார். டுன்டுன் கை சோர்ந்து போனதும் ஒரே வேகம் கெடக் கூடாது என்று அவனுக்கு குளுகோஸ் கொடுத்தார்கள். ரத்தம் ஷாமியானா விரிப்பில் ஊறி, நடந்தால் செருப்பு ஒட்டியது. எனக்குப் படிவங்களை அடுக்குகிற வேலை.

மாற்று ஆட்களைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். அவர்களில் முதலாவதாகச் சீதலைக் கொண்டுவந்தார்கள். அன்று காலைதான் அவன் அட்டையை ரத்து செய்திருந்தார்கள். அவனுக்கு எதுவும் புரியவில்லை. மனோரஞ்சன் நடைமுறைப்படி உரக்க வாசித்தான்.

“சோதனைக் குழு, எண் ஒண்ணு. மாற்று ஆள். முன்மொழிந்தவர், ஜகேஷ்வர்.”

சீதல் அட்டைக்காரர்கள் உட்கார்ந்திருந்த பந்தலைத் திரும்பிப் பார்த்தான். முதல் வரிசையில் ஜகேஷ்வர் இருந்தான்.

“டேய் ஜகு, நீயா?”

முதல் அடி தோளில். இரண்டாவது முன்கையில். மூன்றாவதில் முட்டி போட்டுவிட்டான். அவனை நிமிர்த்தி உட்கார வைத்து நாற்பத்தொரு கேள்வி கேட்டார்கள். முதல் அளவீடு முடிந்தது. பிறகு இரண்டாவது. நான்காவது அடிக்கு அவன் கத்தவில்லை. ஐந்தாவதில் இடது கை முழங்கைக்குக் கீழே தப்பான பக்கம் மடங்கியது. ஆறாவது அடியின்போது ஜகேஷ்வர் எழுந்து ஓடிவந்து குறுக்கே விழப் பார்த்தான். கண்ட்ரோல் குரூப், அடி படக் கூடாது என்று நாலு பேர் கத்திக்கொண்டே அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆறாவதும் விழுந்தது, கண்ணோரம்.

பிறகு கட்டுப்பாட்டுக் குழுவிடம் அதே கேள்விகள்.

“இப்ப எவ்வளவு வலிக்குது பையா? ஒண்ணுலேர்ந்து அஞ்சு.”

“அஞ்சு,” என்றான் ஜகேஷ்வர்.

“உங்கள யாரும் தொடவே இல்லியே. ஒண்ணு போட்டுக்கறேன்.”

“அஞ்சுன்னா அஞ்சு! போடுடா!” என்று கத்தினான். வாயோரம் எச்சில் வழிந்தது. “அஞ்சுக்கு மேல இருக்கா உன்கிட்ட? இருந்தா அதப் போடு!”

அவன் மட்டுமில்லை. அட்டைக்காரர்களில் பாதிப் பேர் அவனைப் பார்த்து அதே மாற்று ஆள் விதியில் அண்ணனையோ தம்பியையோ பக்கத்து வீட்டுக்காரனையோ அடிக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள். வரிசையாக ஐந்து, ஐந்து என்றே சொன்னார்கள். சிலர் சொல்லும்போதே அழுதார்கள். தரோகாவும் கவுன்சிலர் மச்சானும் வெயிலுக்கும் சாப்பாடு தாமதமானதற்கும் சேர்த்து ஐந்து போட்டார்கள்.

முடிவுரையை நான்தான் தட்டச்சு செய்தேன். சோதனைக் குழுவின் சராசரி வலி ஐந்து. கட்டுப்பாட்டுக் குழுவின் சராசரி வலி ஐந்து. இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. எனவே தடியடியால் டோட்டோ ஓட்டுநர்களின் கல்வி, உடல்நலம், வணிகம், சமூக நிலை ஆகியவற்றுக்கு எந்தத் தாக்கமும் இல்லை என்பது நிரூபணமாகிறது.

ஒரு தடவை ஓஜா சாரிடம் கேட்டேன். “சார், பாத்தவனுக்கும் வலிச்சதுன்னுதானே இதுக்கு அர்த்தம்?”

“படே பாபு, அதுக்குப் பலகைல தலைப்பு இல்ல,” என்றார்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வு அன்று நெய்யில் தோய்த்த லிட்டி உருண்டையும் ஆட்டுக்கறியும். வெளியூர்த் தேர்வாளர் இரண்டு கேள்வி கேட்டார். ஒன்று ரயில் எத்தனை மணிக்கு என்பது, மற்றது நெய் சொந்த மாட்டு நெய்யா என்பது. மனோரஞ்சன் இரண்டுக்கும் சரியான பதில் சொல்லி டாக்டர் மனோரஞ்சன் ஆனான். பப்பன் சிங்குக்கு ஆய்வுக்கு ஒத்துழைத்ததற்காகச் சால்வை. ஜகேஷ்வரின் புகார்மீது தரோகா ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தைக் குத்தி, ‘தாக்கம் எதுவும் இல்லை’ என்று எழுதிக் கோப்பை மூடினார். ஆய்வு முடிந்ததால் அட்டைகளும் செல்லாது.

மறுநாள் காலை அட்டைகளைத் திரும்ப வாங்கிவர என்னை ஸ்டாண்டுக்கு அனுப்பினார்கள். ஜகேஷ்வர் கேட்காமலே அட்டையை எடுத்து நீட்டினான். அப்போதுதான் சீதல் வந்தான். இடது கையில் தோள் வரை கட்டு, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. ஒற்றைக் கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து வரிசையில் நிறுத்தினான்.

ஜகேஷ்வர் அவன் எதிரே போய் நின்றான். “சீதல், மூணுன்னுதான் சொன்னாங்கடா,” என்று ஆரம்பித்தான்.

சீதல் நல்ல கையை ஓங்கி அவன் கன்னத்தில் ஒரு அறை விட்டான். ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. ஜகேஷ்வர் நகரவில்லை. “இன்னொண்ணு குடு,” என்றான். சீதல் இன்னொன்றும் கொடுத்தான். உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியது. மூன்றாவதற்குக் கை ஓங்கியவன் ஸ்டாண்ட் வாசலைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அங்கே டுன்டுன் பழைய தடியோடு வந்துகொண்டிருந்தான். இனிமேல் எண்ணத் தேவையில்லை என்ற சந்தோஷம் அவன் நடையிலேயே தெரிந்தது.

சீதல் ஜகேஷ்வரின் சட்டையைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்தான்.

“இந்தப் பக்கம் வந்து நில்லுடா நாயே. அந்த ஒடஞ்ச கைய எனக்கு உள்பக்கமா வெச்சுக்கோ. வர்றான்.”